படைக்காரர்கள் நிறைந்த மாடல் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: அது கேலியா, வரவேற்பா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது இருபத்தைந்து, படையில் இருந்ததில்லை. விமானம், டாங்கி, கப்பல் போன்றவற்றின் சின்ன பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டிச் செய்யும் ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே பாதிக்கு மேல் ஓய்வு பெற்ற தரைப்படை, கடற்படை, விமானப்படைக்காரர்கள். முதல் நாளே ஒருவர் "ஆச்சு, இன்னொரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தாச்சு" என்றார். இன்னொருவர் கருவிப் பெட்டியில் இருந்து "இடக்கை ட்வீசர்" (இடக்கைக்காரருக்கான சின்ன இடுக்கி) எடுத்து வரச் சொன்னார். நீங்களும் போய்த் தேடினீர்கள். பிறகு உங்கள் விமானத்தின் இறக்கையில் பசையோடு பதிந்துபோன கைரேகையைப் பார்த்து மூன்றாமவர் "போலீசுக்கு ஆதாரம் ரெடி" என்றதும் மேசையே சிரித்தது. இது வரவேற்பா, அவமானமா, நானும் திருப்பிக் கிண்டலடிக்க வேண்டுமா, அவர்கள் சொல்வதுபோல் விமானத்தை விட்டுவிட்டு டாங்கிக்கு மாறவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது, படையில் இல்லாதவனுக்கு அந்த மேசையில் இடம் உண்டா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்கே பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

நான் விமானப்படையில் தரைப்பணித் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு இதே மாதிரி ஒரு குழுவில் பல வருடங்களாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கிண்டல் நிறைய வாங்கியிருக்கிறேன், வட்டியோடு திருப்பியும் கொடுத்திருக்கிறேன். மனநல மருத்துவன் அல்ல. உங்கள் குழுவில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆகவே இந்த மாதிரிக் கூட்டம் எப்படிப் பேசும், ஏன் அப்படிப் பேசும் என்பதைத் தெம்பாகச் சொல்வேன். அந்த மூன்றாவது ஆள் மனதில் என்ன வைத்துக்கொண்டு சொன்னார் என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ட்வீசர் விஷயம். இது பழைய சேட்டை. புதிதாகச் சேர்ந்த பையனை ஸ்டோருக்கு அனுப்பி, இல்லாத பொருளைக் கேட்டு வாங்கிவரச் சொல்வது படைகளிலும் பட்டறைகளிலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கட்டம் போட்ட பெயின்ட், ஒரு வாளி நீராவி, ஒரு கேன் ப்ரொபெல்லர் காற்று, வரைபடத்துக்கு ஒரு பெட்டி கட்டங்கள் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஸ்டோர்க்காரரும் கூட்டுக்களவாணிதான், "அது தீர்ந்துபோச்சு, அடுத்த ஹேங்கர்ல கேளு" என்று முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அனுப்பிவைப்பார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சேட்டையை விருந்தாளியிடம் யாரும் செய்யமாட்டார்கள். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு நாற்காலி கிடைக்கும், "வாங்க சார்" கிடைக்கும், மரியாதையாக நாலு வார்த்தை கிடைக்கும். தங்கப் போகிறவன் என்று நினைத்தால்தான் ட்வீசர் தேட அனுப்புவார்கள். உங்களை முதல் நாளே அனுப்பியது நல்ல அறிகுறி.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய அனுமதி உண்டு, சில சமயம் கேலி செய்தே ஆகவேண்டும், கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத விதி என்றார். மைத்துனர் உறவு அவர் எடுத்துக்காட்டிய ஒன்று. ஒருவரோடு உறவும் உண்டு, முழுக்க நம்மவரும் இல்லை. அந்த இடைவெளியில் சண்டை வராமல் இருக்கக் கேலி ஒரு வழி என்பது அவர் வாதம். முப்படைகளும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட மைத்துனர் முறைதான். ஒரே சம்பளப் பட்டியல், ஒரே எதிரி, ஆனால் வேறு வேறு வீடு. வேறொரு ஆள் வந்து கடற்படையை ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால், காலையில் இருந்து கடற்படையைக் கிழித்துக்கொண்டிருந்த தரைப்படைக்காரர்தான் முதலில் எழுந்து நிற்பார்.

மாடல் மேசையில் இந்த மைத்துனர் கேலி செய்யும் பொருளில் இறங்கிவிடும். டாங்கி செய்பவர் விமானம் செய்பவரைப் பார்த்து "உங்க சண்டை ஏசி ரூம்ல ஆரம்பிச்சு ஏசி ரூம்ல முடியும்" என்பார். விமானக்காரர் அவருடைய டாங்கியைக் கையில் எடுத்து, "ஒட்டின இடம் எங்க சரியில்லையோ அங்கெல்லாம் சேறு பூசியிருக்கு, பாருங்க" என்பார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒட்டிய கோடு சரியாக வராத இடத்தில் சேறு பெரிய உபகாரி. பளபளக்கும் ஜெட் விமானத்தில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. கப்பல்காரர்கள் 1/700 அளவில், அதாவது நிஜத்தில் எழுநூறில் ஒரு பங்காகச் செய்கிறார்கள். அதில் 300 மீட்டர் கப்பல் 43 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், மனிதன் இரண்டரை மில்லிமீட்டர். "நேவிக்காரன் கப்பல்ல ஆளே கண்ணுக்குத் தெரியலை, இதுல வேலை எங்க தெரியப்போகுது" என்பது எங்கள் மேசையில் அடிக்கடி விழும் வசனம். கப்பல்காரர் ஃபோட்டோ எட்ச் என்ற, அரித்து வெட்டிய மெல்லிய பித்தளைத் தகட்டுக் கைப்பிடிக் கம்பியை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிற நேரம் பார்த்துத்தான் இதைச் சொல்வார்கள்.

அளவுகளுக்கே கூடக் கிண்டல் உண்டு. 1/72 என்றால் ஆறடி ஓர் அங்குலமாகிறது, ஒரு ஆள் உயரம் ஓர் அங்குலம். கணக்கு சுத்தம். டாங்கிகளுக்குப் பேர்போன 1/35 அப்படிப் பிறக்கவில்லை. தாமியா நிறுவனம் 1961-இல் பேந்தர் டாங்கியை ஓடும் பொம்மையாக வெளியிட்டபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று பார்த்து வைத்த அளவு பிறகு உலக வழக்கமாகிவிட்டது. "எங்க அளவு கணக்குல வந்தது, உங்க அளவு பேட்டரியில வந்தது" என்று நான் சொல்லாத மாதம் இல்லை. இதற்கு எங்கள் டாங்கிக்காரர் வைத்திருக்கும் பதிலை அச்சில் ஏற்ற முடியாது.

படையில் இல்லாத நீங்கள் அங்கே ஒட்டுவீர்களா என்ற சந்தேகத்துக்குச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களின் உருவத்தைப் பார்த்தவுடன் அடையாளம் காணப் பயிற்சி கொடுக்க 1/72 அளவில் ஐந்து லட்சம் மாடல்கள் வேண்டும் என்று கேட்டது. கேட்டது பள்ளி மாணவர்களிடம். மரத்தில் செதுக்கிக் கறுப்புச் சாயம் பூசிய அந்த மாடலைப் பத்து மீட்டர் தள்ளிப் பிடித்தால், நிஜ விமானம் 720 மீட்டர் தொலைவில் தெரிவதுபோலத் தெரியும். நம்முடையதா, எதிரியுடையதா என்று துப்பாக்கிக்காரர்கள் கற்றது அந்தப் பிள்ளைகள் செதுக்கிய மரத்துண்டுகளை வைத்து. யாராவது உங்களிடம் "யூனிஃபார்ம் போட்டிருக்கியா?" என்று கேட்டால் சும்மா இதைச் சொல்லிப் பாருங்கள். ரசிப்பார்கள். தெரியாதவர் தெரிந்த மாதிரி தலையாட்டுவார், அதையும் ரசிக்கலாம்.

சரி, வாயால் சொல்வது இவ்வளவு குழப்பமாக இருக்கும்போது எதை வைத்து முடிவு செய்வது? நான் சொல்லும் வழி, காதை மூடிக்கொண்டு அவர்கள் கையைப் பாருங்கள். எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெட் விமானத் தளங்களில் பெரிய பயம், தரையில் கிடக்கும் ஒரு திருகாணி. அது என்ஜினுக்குள் இழுபட்டால் உள்ளே இருக்கும் பிளேடுகள் நாசம். அதனால் ஓடுதளத்திலும், விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலும் ஆட்கள் வரிசையாக நின்று, குனிந்தபடி அடி மேல் அடி வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். எஃப்ஓடி வாக் என்று பெயர், எஃப்ஓடி என்றால் இருக்கக்கூடாத இடத்தில் கிடக்கும் அந்நியப் பொருள். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் ஒருத்தியின் ட்வீசரில் இருந்து விமானத்தின் மூக்கில் ஒட்டும் ஊசி போன்ற பாகம் தெறித்துக் காணாமல் போனது. நாலு மில்லிமீட்டர் இருக்கும். பாவம், முகம் சுருங்கிவிட்டது. உடனே கடற்படைக்காரர் ஒருவர் "எஃப்ஓடி வாக்!" என்று ஒரு சத்தம் போட்டார். வழுக்கைத் தலைகள் அத்தனையும் எழுந்து சுவரோரம் வரிசை கட்டின. முட்டி வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே "இடது பக்கம் வேகம் ஜாஸ்தி, குறை" என்று ஆணை போட்டார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிண்டல்: அந்தப் பெண்ணை, அவள் ட்வீசர் பிடிக்கும் விதத்தை, கண்ணாடி போட்டும் பார்வை தெரியாத பக்கத்து ஆளை. கடைசியில் பாகம் ஆணை போட்டவரின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் பேசியதை எழுதிப் படித்தால் அவளைக் கூட்டமாகச் சேர்ந்து வதைத்தது போலத் தெரியும். ஆனால் அறுபது எழுபது வயதுக்காரர்கள் அவளுடைய நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்காகத் தரையில் குனிந்தார்கள். மறு கூட்டத்தில் ஒருவர் பழைய மெல்லிய காலுறை ஒன்றைக் கொண்டுவந்து, வேக்குவம் கிளீனரின் வாயில் கட்டி உறிஞ்சினால் பாகம் துணியில் வந்து நிற்கும் என்று காட்டிக்கொடுத்தார். நான் கையைப் பாருங்கள் என்பது இதைத்தான். உங்களைக் கிண்டலடித்தவர் அப்புறம் பாகங்களை வெட்டியெடுக்கும் தன் நிப்பரை உங்கள் பக்கம் நகர்த்தினாரா? மாடலில் ஒட்டும் சின்னங்களும் எண்களும் உள்ள டிகால் தாளில் மிச்சமிருந்ததைக் கொடுத்தாரா? கைரேகையைப் பார்த்துச் சிரித்தவர், அதை எடுப்பது எப்படி என்றும் சொன்னாரா? சொல்லியிருந்தால் பேச்சை மறந்துவிடுங்கள்.

திருப்பிக் கிண்டலடிக்க வேண்டுமா என்றால், அடிக்கலாம், ஆனால் மாடலை வைத்து அடியுங்கள். படையை வைத்து வேண்டாம். "ஏசி ரூம்" வசனத்தைத் தரைப்படைக்காரர் சொல்ல உரிமை உண்டு; அவர் வெயிலில் நின்றவர். நீங்கள் சொன்னால் சட்டென்று ஒரு நிசப்தம் வரும். பதவியையும் வைத்து விளையாடாதீர்கள், யார் யாருக்குக் கீழே வேலை செய்தார்கள் என்ற பழைய கணக்கு அந்த மேசையில் உங்களுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் இந்தப் பொழுதுபோக்குக்கே உள்ள கிண்டல்கள் தாராளமாக இருக்கின்றன. வாங்கிக் குவித்துவிட்டுப் பிரிக்காமலே வைத்திருக்கும் கிட்களை ஸ்டாஷ் என்பார்கள், "ஆயுள் முடியறதுக்குள்ள முடியுமா சார்?" என்று யாரிடமும் கேட்கலாம். பாதியில் நின்றுபோன மாடல்களின் அலமாரி எல்லார் வீட்டிலும் உண்டு. ரிவெட் எண்ணிப் பார்த்துத் தப்பு சொல்கிறவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. நீங்கள் சேர்ந்த அன்று "குடும்பம் நடுத்தெருவுக்கு" என்று சொன்னவர் தன் ஸ்டாஷைத்தான் நினைத்துச் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் விட எளிது உங்களையே கிண்டல் செய்துகொள்வது. அடுத்த முறை கைரேகையைக் காட்டி "கையெழுத்து போட்டிருக்கேன், விலை ஏறும்" என்று சொல்லிப் பாருங்கள். பதிலே தோன்றவில்லை என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள், அதுவும் பதில்தான். எப்போதும் சுடச்சுட பதில் சொல்லியாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கிண்டலுக்கு அடங்காத ஓர் இடம் அங்கே உண்டு. ஒருவர் தான் ஓட்டிய வண்டியை, தான் வேலை பார்த்த விமானத்தை, தான் இருந்த கப்பலைச் செய்துகொண்டிருப்பார். வண்டி எண் வரை சரியாக இருக்கும். அதைப் பார்த்தால் தெரியும், மற்றவர்களே குரலைத் தணித்துக்கொள்வார்கள். அங்கே போய் "இந்தப் பச்சை சரியில்லையே, புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று சொல்லாதீர்கள். வெயிலில் வெளுத்து, தூசி படிந்து, கைக்குக் கிடைத்த பெயின்டால் அவசரத்தில் தொட்டுப் பூசிய வண்டி எந்தப் புத்தகத்தின் நிறத்திலும் இருக்காது, அவர் கண்ணால் பார்த்தவர். "இதில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள் சார்?" என்று கேட்கலாம். அவருக்கு விருப்பம் இருந்தால் பேசுவார். யாரையாவது சுட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அதேபோல, இவர்கள் போரில் பட்ட காயத்தை மறைக்கத்தான் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். முன்னாள் படைவீரர்களுக்குக் கைவினை கிட்கள் கொடுக்கும் அமைப்புகள் இருப்பது உண்மை. அமெரிக்காவில் ஹெல்ப் ஹீல் வெட்டரன்ஸ் 1971-இல் இருந்து அதைச் செய்கிறது. கை வேலையில் மனம் அமைதியாகிறது என்று என் நண்பர்கள் பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் விமானம் ஒட்டுவது மருந்துக்காகவா, ஆசைக்காகவா என்பது அவர் சொன்னால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் சின்ன வயதில் கேட்டுக் கிடைக்காத கிட்டை இப்போது தாங்களே வாங்கிக்கொள்கிறவர்கள்.

இனி மறுபக்கம். எல்லாக் கிண்டலும் வரவேற்பு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நாங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவோம்" என்ற போர்வைக்குள் வன்மமும் வசதியாகப் படுத்துக்கொள்ளும். உங்கள் மாடலை விட்டுவிட்டு, உங்கள் பிறப்பு, உடம்பு, பேச்சு வழக்கு, குடும்பம் என்று போனால் அது கேலி இல்லை. ஒரே ஆளை மட்டும் எல்லாரும் அடிக்கிறார்கள், அவர் யாரையும் அடிக்க முடியவில்லை என்றால் அதுவும் இல்லை. நல்ல கேலி சுற்றி வரும், பெரிய பதவியில் இருந்தவருக்கும் அவர் பங்கு விழும். இன்னொரு பரீட்சை, "இது வேண்டாம் சார், எனக்குப் பிடிக்கலை" என்று தனியாக ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. எனக்குத் தெரிந்த பழைய படைக்காரர்களில் அநேகம் பேர் அந்த நிமிடமே நிறுத்திவிடுவார்கள், சிலர் வெட்கப்படுவார்கள். நிறுத்தாமல் அதையே இன்னும் உரக்கச் சொல்கிறவர் படையில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்திருப்பார். அவரை நாங்களும் தாங்கிக்கொண்டுதான் இருந்தோம், நீங்கள் தாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

குழுவின் வாட்ஸ்அப்பில் வருவதைத் தனியாக வையுங்கள். எழுத்தில் கிண்டல் சரியாகப் போய்ச் சேராது என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியவர்கள் தங்கள் நையாண்டி எளிதில் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். படித்தவர்கள் அதைக் கண்டுபிடித்தது ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுத் தேவலை என்ற அளவில்தான். குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒரு செய்தி சுருக்கென்று குத்தினால் அங்கேயே பதில் போடாமல், நேரில் பார்க்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, டாங்கிக்கு மாறவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், எடுத்ததை முடியுங்கள். அந்தக் கைரேகையைத் துடைக்கவோ சுரண்டவோ முயலாதீர்கள். பசை என்பது பிளாஸ்டிக்கையே இளக்குவது, இளகிய இடத்தைத் தொட்டால் இன்னும் பள்ளமாகும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள், அப்புறம் 1000. அழிந்துபோன பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்களை) ஊசி முனையால் மறுபடி கீறிவிட்டு, மேலே பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் மிச்சம் இருக்கும் தழும்பு தெரியும். தெரிந்தால் இன்னொரு தடவை. உங்கள் விமானம் மூக்குச் சக்கரம் உள்ள ஜெட் என்றால், உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன் மூக்குக்குள் எடை வைக்கவேண்டும். எவ்வளவு என்று குறிப்புத் தாளில் இருக்கும். இல்லாவிட்டால் பாகங்களை டேப்பால் ஒட்டி, பின் சக்கரம் வரும் இடத்தில் விரலை வைத்துத் தூக்கி, மூக்கு கீழே சாய்கிறதா என்று பாருங்கள். சாயவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஈயம். இதை மறந்தால் முடித்த விமானம் வாலைத் தரையில் ஊன்றி மல்லாந்து உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்த்து அந்த மேசை என்ன சொல்லும் என்பதை இப்போதே என்னால் எழுதித்தர முடியும்.